கோடையில் சிலம்ப வகுப்பு காலியாகிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

சென்னையில் சிலம்பமோ கராத்தேயோ டேக்வாண்டோவோ சொல்லித்தருகிற யாரைக் கேட்டாலும் ஏப்ரல், மே, ஜூன் மாதங்களைப் பற்றி ஒரே புலம்பல்தான். மார்ச்சில் வரிசை கொள்ளாமல் நின்ற பிள்ளைகளில் பாதிப் பேரை மே மாதம் காண முடியாது. "ஆர்வம் போயிடுச்சு" என்று சொல்லிவிட்டு, எல்லோருக்கும் ஒரே மருந்தாகக் கோடை முகாம், பதக்கம், அவசரமாக ஒரு பெல்ட் தேர்வு என்று இறங்கிவிடுகிறோம். ஆனால் பள்ளித் தேர்வுக்காக வராத பிள்ளை வேறு, வெயில் தாங்காமல் வராத பிள்ளை வேறு, ஊருக்குப் போன பிள்ளை வேறு. நான் பார்த்த வரையில் விடுப்பு எடுப்பதால் மட்டும் பிள்ளைகள் போய்விடுவதில்லை. என்றைக்குத் திரும்பி வருவார்கள் என்று மாஸ்டருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. அந்த மாதிரி விடுப்பில்தான் போய்விடுகிறார்கள்.

அதனால் கீழே உள்ள எதையும் தொடங்கும் முன் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று வகுப்பு வராத ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு போன். குழுவில் பொதுவாக ஒரு வாட்ஸ்அப் செய்தி போட்டால் போதாது, பேச வேண்டும். இரண்டே கேள்வி: ஏன் வரவில்லை, எந்தத் தேதியில் வருவான். பதிலைப் பெயருக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். அப்புறம் உங்களுக்குப் பொருந்துகிற அறிகுறிக்குப் போகலாம். நான் சிலம்பத்தை வைத்தே எழுதுகிறேன், கராத்தே வகுப்புக்கும் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும்.

அறிகுறி: ஏப்ரல் தொடங்கியதுமே வருகை சரிகிறது

இது தேர்வுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஒரே வரிசையில் நிற்கும் பிள்ளைகள் இரண்டு வெவ்வேறு காலண்டரில் இருக்கிறார்கள் என்பதை மட்டும் மறக்காதீர்கள். மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைகளுக்கு ஏப்ரல் என்றால் ஆண்டுத் தேர்வு. சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு அதே ஏப்ரலில் புது வகுப்பே தொடங்கிவிடும், அவர்களுக்கு விடுமுறை மே மாதம்தான். எல்லோருக்கும் சேர்த்து ஒரே நாளில் "கோடைக்கால நேரம்" அறிவித்தால் யாராவது ஒரு பக்கம் கழன்றுகொள்வார்கள்.

மார்ச் கடைசியிலேயே ஒவ்வொருவரின் கடைசித் தேர்வு எந்தத் தேதி என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "பரீட்சை முடிஞ்சதும் வா" என்று சொல்லி அனுப்பாமல், "புதன்கிழமை பரீட்சை முடியுது, வியாழன் சாயங்காலம் வந்துடு" என்று நாளைச் சொல்லி அனுப்புங்கள். தேர்வு நாட்களில் வர விரும்புகிற பிள்ளையை அரை மணி நேரம் ஆடவிட்டு அனுப்பினால் போதும். நீட் எழுதுகிறவர்களை மே முதல் வாரம் தாண்டும்வரை கூப்பிடவே வேண்டாம்.

அறிகுறி: வருகிறார்கள், ஆனால் இருபது நிமிடத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள்

கவனச்சிதறல், கொட்டாவி, தலைவலி, "மாஸ்டர், தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்று போனவன் பத்து நிமிடம் திரும்பாதது எல்லாம் இதில் சேரும். சோம்பேறித்தனம் என்று திட்டுவதற்கு முன் நேரம், தரை, உடை, வயிறு ஆகிய நான்கையும் சோதித்துப் பாருங்கள்.

நேரம். காலை வகுப்பென்றால் சூரியன் எழும்போதே தொடங்கி ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். மே மாதத்தில் சென்னையில் ஐந்தே முக்கால் வாக்கில் விடிந்துவிடும். மாலை வகுப்புக்குக் கடற்காற்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண நாட்களில் மதியத்துக்கு மேல் கடலிலிருந்து காற்று திரும்பும். பெசன்ட் நகர், மயிலாப்பூர், திருவான்மியூர் பக்கம் அது முதலில் தெரியும், அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் போய்ச்சேர நேரமாகும். மேற்குக் காற்று பலமாக அடிக்கும் நாட்களில் கடற்காற்று தாமதமாகும், சில நாள் உள்ளே வரவே வராது. அன்றைக்குத்தான் ஊர் கொதிக்கும். மூன்று மணிக்கும் மேற்கிலிருந்தே அனல் அடித்தால் அன்றைய நாலரை மணி வகுப்பைத் தயங்காமல் ஆறரைக்குத் தள்ளுங்கள். கத்திரி முடிந்துவிட்டது என்று காலண்டரைப் பார்த்து நிம்மதியாகவும் முடியாது. சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003-ஆம் ஆண்டு மே 31 அன்று, கத்திரியெல்லாம் கழிந்த பிறகு.

தரை. நம்மில் பலருக்கு மொட்டை மாடிதான் மைதானம். பகல் முழுக்க வெயில் குடித்த தளம் ஏழு மணி வரைக்கும் சூட்டைக் கக்கும். புறங்கையைத் தரையில் வைத்து ஐந்து எண்ணுங்கள், எடுத்துவிடத் தோன்றினால் பிள்ளைகளின் வெறுங்காலுக்கு அது ஆகாது. தண்ணீர் தெளிப்பதானால் முன்கூட்டியே தெளித்து முழுவதும் காய விடுங்கள். ஈரத் தளத்தில் காலடி போட்டால் முட்டி பேர்ந்துவிடும். மாநகராட்சிப் பூங்காவிலோ மைதானத்திலோ மண் தரையும் மர நிழலும் கிடைத்தால் கோடைக்கு மட்டுமாவது அங்கே மாறிவிடலாம். முன்கூட்டியே அனுமதி கேட்டுவிடுங்கள்.

உடை. கனமான கராத்தே சீருடையை மே மாதம் கட்டாயமாக்குவதில் ஒரு பயனும் இல்லை. பருத்தி டி-ஷர்ட் போதும். ஒழுக்கம் கெட்டுவிடும் என்று நினைக்கிறவர்கள் நேரத்துக்கு வருவதையும் வணக்கம் வைப்பதையும் கண்டிப்பாக வைத்துக்கொள்ளட்டும்.

வயிறு. விடியற்காலை வகுப்புக்கு வெறும் வயிற்றோடு வந்து மயங்கும் பிள்ளைகள் அதிகம். ஒரு வாழைப்பழம், இரண்டு பேரீச்சம்பழம், எதுவாவது சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். மாலையில் மோரோ இளநீரோ கொண்டுவரலாம். தண்ணீர் விஷயத்தில் நான் கண்டிப்பானவன்: பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை வகுப்பு முழுவதும் நிற்கும், எல்லோரும் குடிப்பார்கள், தாகம் இல்லை என்கிறவனும் குடிப்பான். தண்ணீர் கேட்டால் பலவீனம் என்கிற பழைய எண்ணம் இந்த ஊர் வெயிலில் ஆளைக் கொன்றுவிடும்.

இன்னொன்று. தேர்வுக்காக இரண்டு மூன்று வாரம் வீட்டுக்குள்ளேயே இருந்த பிள்ளையின் உடம்பு வெயிலுக்குப் பழக பத்துப் பதினான்கு நாட்கள் ஆகும். வந்த முதல் வாரம் பாதி வேகம், பாதி நேரம் போதும். கோடையில் கம்பு வழுக்கும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். வியர்த்த கையில் வேகமாகச் சுற்றும் கம்பு பிடி நழுவினால் பக்கத்தில் நிற்பவன் முகத்தில் விழும், மாடியானால் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவுக்கே போகும். ஆளுக்கொரு கைத்துண்டு கட்டாயம், இடைவெளியும் வழக்கத்தைவிட அதிகம் இருக்கட்டும்.

தலைச்சுற்றல், வாந்தி வருவது போன்ற உணர்வு, தசைப்பிடிப்பு என்று ஒரு பிள்ளை சொன்னால் உடனே நிழலில் உட்கார வைத்துத் தண்ணீரோ ஓஆர்எஸ் கரைசலோ கொடுங்கள், அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் அவ்வளவுதான். பேச்சு குழறினாலோ, சொல்வது புரியாமல் விழித்தாலோ, மயங்கி விழுந்தாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள். 108-க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். இதை உதவிக்கு நிற்கும் மூத்த மாணவர்களுக்கும் சொல்லிக்கொடுத்து வையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் சோர்ந்தால் பாடத்தில்தான் கோளாறு. கோடையில் ஒரு மணி நேரமும் வியர்க்க வியர்க்க ஆட வேண்டியதில்லை. முதல் அரை மணி ஆட்டம். பிறகு இரண்டு பேர் தொடுமுறை (கம்பால் எதிராளியைத் தொட்டுப் புள்ளி எடுக்கும் ஆட்டம்) ஆட, மற்றவர்கள் உட்கார்ந்து புள்ளி போடட்டும். யார் எங்கே தொட்டார், எது செல்லாது என்று வாதாட விடுங்கள். கண் பழகும், விதி பழகும், அடுத்த போட்டியில் நடுவர் சொல்வது புரியும். காலடியை, அதாவது கால் எடுத்து வைக்கும் முறையை மட்டும் மெதுவாகப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். வேகத்தில் மறைந்திருந்த தவறெல்லாம் அப்போதுதான் வெளியே வரும்.

அறிகுறி: ஊருக்குப் போன பிள்ளை திரும்பி வரவில்லை

சென்னையின் தனிப் பிரச்சினை இது. லீவு விட்ட அன்று ராத்திரியே எழும்பூரிலோ கிளாம்பாக்கத்திலோ மூட்டை முடிச்சோடு நிற்பார்கள். திருநெல்வேலி, மதுரை, தஞ்சாவூர், விழுப்புரம் என்று தாத்தா பாட்டி வீட்டுக்குப் போகிற பிள்ளையை யாரும் தடுக்கக் கூடாது. போகட்டும், நன்றாக ஆடி ஓடிவிட்டு வரட்டும். "ஒரு மாசம் விட்டா எல்லாம் மறந்துடும்" என்று பெற்றோரிடம் பயம் காட்டுகிற மாஸ்டர்கள் இருக்கிறார்கள். அது வேண்டாம். அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுப் போகும் பிள்ளை, ஜூனில் எல்லாம் மறந்துபோயிருக்கும் என்ற கூச்சத்திலேயே வராமல் நின்றுவிடும்.

புறப்படும் முன் மூன்று காரியம். ஒன்று, திரும்பும் நாளைக் கேட்டு அவன் கண்ணெதிரே பதிவேட்டில் எழுதுங்கள். இரண்டு, கம்பு தேவைப்படாத ஒரே ஒரு காலடி வரிசையைப் புதிதாகச் சொல்லிக்கொடுத்து, அதை மட்டும் பழகிவரச் சொல்லுங்கள். ரயிலில் கம்பு கொண்டுபோவது சிரமம், சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டால் ஊரில் மூங்கில் கிடைக்காமலா போகும். அதிகம் கொடுக்காதீர்கள், தினமும் வீடியோ கேட்டு நச்சரிக்காதீர்கள். வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை, அரை நிமிட வீடியோ. அனுப்பினால் அன்றைக்கே பதில் போட்டுவிடுங்கள், "இடது கால் இன்னும் கொஞ்சம் உள்ளே" என்று ஒரு வரி குரல் பதிவு போதும். பதில் வராத வீடியோவுக்கு அடுத்த வீடியோ வராது.

மூன்றாவது காரியத்தைத்தான் நான் மிகவும் நம்புகிறேன். தென் மாவட்டங்களில் கோவில் கொடைகளிலும் திருவிழாக்களிலும் இன்றும் சிலம்பம் ஆடுகிறார்கள். நாம் இங்கே போட்டிக்கென்று சீராக்கப்பட்ட முறையைச் சொல்லித்தருகிறோம். அங்கே குறவஞ்சி, மறக்காணம், பனையேறி மல்லு என்று பேரோடு வகை வகையான ஆட்டம் உண்டு. "உங்க ஊர்ல யாராவது வயசான வாத்தியார் இருந்தா, தாத்தாவைக் கூட்டிட்டுப் போய்ப் பாரு. ஒரே ஒரு அடவு பார்த்துட்டு வந்து எங்களுக்குக் காட்டு" என்று சொல்லி அனுப்புங்கள். தொடவோ ஆடவோ வேண்டாம், பார்த்துவிட்டு வந்தால் போதும். அப்படிப் போய்ப் பார்த்த பிள்ளை முதல் நாளே ஓடி வரும், ஏனென்றால் அதனிடம் காட்டுவதற்கு ஒன்று இருக்கிறது. பல வீடுகளில் தாத்தாவே ஒரு காலத்தில் கம்பு பிடித்தவர் என்பது அப்போதுதான் பேரனுக்குத் தெரியவரும். ஜூன் இரண்டாவது வாரம் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்கி, ஊரிலிருந்து கொண்டுவந்ததை ஒவ்வொருவராகக் காட்ட விடுங்கள். ஊருக்கே போகாத பிள்ளைகள் ஏங்கிவிடாமல், மெரினாவில் மாலையில் பார்த்த ஏதாவது ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்லவாவது அவர்களுக்கும் ஒரு வாய்ப்பு கொடுங்கள்.

பிள்ளைகளைப் பிடித்து வைக்க மே மாதம் பெல்ட் தேர்வு வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஊரில் இருக்கும் பிள்ளை தேர்வைத் தவறவிடும், கூடப் படித்தவன் ஒரு நிறம் மேலே போய்விடுவான். திரும்பி வர அதைவிடப் பெரிய தடை வேண்டாம். ஜூலைக்குத் தள்ளிவையுங்கள், தேதியை ஏப்ரலிலேயே சொல்லிவிடுங்கள்.

அறிகுறி: கோடை முகாமில் கூட்டம், ஜூனில் ஒருவரும் இல்லை

முகாம் முடிந்த தேதியைப் பாருங்கள். மே 15-ல் முடித்திருந்தால் பள்ளி திறக்க மூன்று வாரம் இருக்கிறது. அந்த இடைவெளியில் நீச்சல், ஓவியம், செஸ் என்று பிள்ளை வேறெங்கோ போயிருக்கும். முகாமை மே கடைசி வாரத்தில் முடியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, கடைசி நாளில் என்ன கொடுத்து அனுப்பினீர்கள்? சான்றிதழும் பதக்கமும் போட்டோவும் கொடுத்தால், முடிந்துவிட்டது என்றுதான் பெற்றோரும் பிள்ளையும் எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் எண்ணம் சரிதான், நாம்தான் முடித்து வைத்தோம். கடைசி இரண்டு நாளில் ஒற்றைக் கம்பின் ஒரு புதுச் சுற்றைத் தொடங்கி, பாதியில் நிறுத்தி, "மிச்சம் ஜூன் முதல் சனிக்கிழமை" என்று சொல்லுங்கள். பெற்றோரிடம் கட்டணம் பற்றிப் பேசும் முன் அந்தப் பிள்ளைக்கு என்ன வந்திருக்கிறது, எது வரவில்லை என்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள். தன் பிள்ளையைப் பெயர் சொல்லிப் பேசுகிற மாஸ்டரைப் பெற்றோர் மறக்க மாட்டார்கள்.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் கோடையில் பயிற்சி முகாம்கள் நடத்துகிறது. உங்கள் மாணவர் அங்கே வேறு விளையாட்டுக்குப் போனால் அதைத் துரோகமாக நினைக்காதீர்கள். ஓட்டமும் நீச்சலும் கற்ற உடம்பு கம்புக்கும் நல்லதுதான்.

அறிகுறி: பழைய மாணவர்கள் முகம் வாடி ஓரமாக நிற்கிறார்கள்

முகாமுக்கு வந்த புதுப் பிள்ளைகளோடு மூத்தவர்களையும் அதே அடிப்படைக் காலடி போட வைத்திருப்பீர்கள். இல்லையென்றால் புதியவர்களுக்குச் சொல்லித்தரச் சொல்லி முழு நேரமும் விட்டிருப்பீர்கள். முதல் வாரம் பெருமையாக இருக்கும், மூன்றாவது வாரம் அலுத்துவிடும். பதினாறு வயதுப் பையன் தன் ஆட்டத்துக்காகத்தான் வருகிறான், நம் வேலையைக் குறைக்க அல்ல.

சொல்லித்தருவது முப்பது நிமிடம், அவர்களுக்கே அவர்களுக்கான புதுப்பாடம் முப்பது நிமிடம் என்று பிரித்துவிடுங்கள். மான் கொம்பு, இரட்டைக் கம்பு, வாள் வீச்சு என்று ஏதாவது ஒன்றைக் கோடையில் மட்டும் தொடங்குவது என்று வழக்கமாக்கினால் மே மாதத்துக்காகவே காத்திருப்பார்கள். வளைந்து சுழலும் மெல்லிய தகடான சுருள் வாளை மட்டும் ஆசைக்காக எடுத்துக் கொடுக்காதீர்கள். நன்றாகக் கை பழகியவர்களுக்கே கொடுக்க வேண்டியது அது, அதுவும் சிறு பிள்ளைகள் யாரும் இல்லாத நேரத்தில்.

அறிகுறி: "ஒரு மாசம் நிறுத்திக்கிறோம் மாஸ்டர்"

மே, ஜூன் மாதங்களில் பள்ளிக் கட்டணம், புத்தகம், சீருடை, ஷூ என்று ஒரு வீட்டில் பணம் போகும் வேகம் நமக்கும் தெரியும். வராத மாதத்துக்குக் கட்டணம் கேட்காதீர்கள். திரும்பும் தேதியை மட்டும் கேளுங்கள். பாதி நாள் வருகிறவர்களுக்குப் பாதிக் கட்டணம். பணத் தட்டுப்பாட்டைச் சொல்ல வெட்கப்படும் வீடுகளும் உண்டு, அவர்கள் காரணமே சொல்லாமல் நின்றுவிடுவார்கள். அதனால் கேட்டால் குறைப்போம் என்று வைக்காமல், எல்லோருக்கும் பொதுவாக ஏப்ரலிலேயே அறிவித்துவிடுங்கள்.

அறிகுறி: பதிமூன்று, பதினான்கு வயதுப் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிடுகிறார்கள்

இதைக் கோடையின் கணக்கில் எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கக் கூடாது. லீவு நாளில் வகுப்பு நேரம் மாறியதும் இருட்டில் தனியாகத் திரும்ப வேண்டியிருக்கிறதா? உடை மாற்றக் கதவும் தாழ்ப்பாளும் உள்ள இடம் இருக்கிறதா? கழிப்பறை? மைதானத்துக்கு மாறியதும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கிற கூட்டம் வந்துவிட்டதா? வியர்வையில் ஒட்டுகிற மெல்லிய வெள்ளை டி-ஷர்ட்டைச் சீருடையாக வைத்திருக்கிறோமா? இந்தக் கேள்விகளை மாஸ்டர் நேரில் கேட்டால் அந்தப் பிள்ளை பதில் சொல்லாது. மூத்த மாணவி ஒருவரையோ, வகுப்புக்கு வரும் ஒரு அம்மாவையோ பேசச் சொல்லுங்கள்.

அடர்நிறத் தளர்வான டி-ஷர்ட், ஆறரைக்குள் முடிகிற ஒரு பிரிவு, மாதவிடாய் நாட்களில் காரணம் சொல்லாமல் உட்கார்ந்து பார்க்கும் உரிமை. இந்த மூன்றும் செலவில்லாத மாற்றங்கள். கோடையில் ஒரு வாரம் வராமல் நின்ற பெண்பிள்ளையை நாம் கேட்காமல் விட்டால், அந்த வீட்டில் "இனி எதுக்கு" என்ற பேச்சு தொடங்கிவிடும். அந்தப் பேச்சு முதிர்ந்த பிறகு நம்மால் செய்யக்கூடியது குறைவு.

அறிகுறி: "இந்த வருஷம் டென்த், போதும்னு இருக்கோம்"

பெற்றோரோடு வாதாட வேண்டாம். வாரம் இரண்டு நாள், நாற்பத்தைந்து நிமிடம், திருப்புதல் தேர்வு வந்தால் அதுவும் இல்லை என்று நாமே எழுதிக் கொடுத்துவிடலாம். முழுதாக நிறுத்துவதைவிட இதற்குப் பல பெற்றோர் ஒத்துக்கொள்கிறார்கள், பிள்ளையும் ஆசையாகக் கேட்டுக்கொண்டால் இன்னும் சுலபம்.

கூடவே உண்மையான தகவலைச் சொல்லுங்கள். தமிழக அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத இட ஒதுக்கீட்டில் சிலம்பமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் சிலம்பம் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். ஆனால் "கம்பு சுத்தினா கவர்மென்ட் வேலை" என்று சொல்லி ஒரு பிள்ளையையும் பிடித்து வைக்காதீர்கள். அந்த ஒதுக்கீட்டுக்குக் குறிப்பிட்ட நிலைப் போட்டிகளில் வெற்றி வேண்டும், அதற்குப் பல வருட உழைப்பு வேண்டும். அந்த வழி எவ்வளவு நீளம் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

அறிகுறி: பள்ளி திறந்தும் யாரும் வரவில்லை

வெயிலைப் பொறுத்துப் பள்ளி திறக்கும் தேதியே சில வருடம் தள்ளிப்போகும், நீங்கள் பதிவேட்டில் எழுதிய தேதிகளும் அதோடு நகரும். அதனால் முதல் வாரத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். புத்தகத்துக்கு அட்டை போடுவது, புது டியூஷன் நேரம், வேன் நேரம் எல்லாம் அந்த வாரத்தில்தான் அமையும். டியூஷன் நேரம் முடிவாகும் முன் நம் வகுப்பு நேரத்தைப் பெற்றோருக்குச் சொல்லிவிட வேண்டும் என்பதுதான் இதில் சூட்சுமம். டியூஷன் மாலை ஆறு மணிக்கு உட்கார்ந்துவிட்டால் அப்புறம் அதை நகர்த்த முடியாது. மே கடைசியிலேயே ஜூன் மாத நேரத்தை அனுப்புங்கள், முடிந்தால் ஒரே பிரிவை இரண்டு நேரத்தில் வையுங்கள்.

ஜூன் மூன்றாவது வாரம் பதிவேட்டை மறுபடி எடுங்கள். சொன்ன தேதி தாண்டியும் வராதவர்களுக்கு இரண்டாவது போன். இந்த முறை பிள்ளையிடமே பேசக் கேளுங்கள். "நீ கத்துக்கிட்டு வந்த காலடியை இன்னும் நான் பார்க்கல, சனிக்கிழமை காலையில வரியா?" என்று கேட்டுவிட்டு, வருகிறேன் என்று சொன்னால் அவன் பெயருக்கு எதிரே அந்தச் சனிக்கிழமையின் தேதியை எழுதிவிடுங்கள்.